ஒரே மாதிரி இரண்டு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் செய்தி வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு மூன்று வரி. குட்டிக்குக் கிட்டார் வேண்டுமாம், பணத்தைப் பற்றி யோசிக்காமல் நல்லதாகச் சொல்லுங்கள் என்கிறாய். மூன்றாவது வரியில், ஒரே மாதிரி இரண்டாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

போனிலேயே சொல்லிவிடுங்கள் என்றாள் அம்மா. போனில் எனக்குப் பேச்சு வருவதில்லை. நீயும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் குட்டியிடம் கொடுத்துவிடுகிறாய். முன்பெல்லாம் உனக்குப் பின்னால் மாப்பிள்ளை யாரிடமாவது சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பது கேட்கும். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு என்பதைத் தீர்த்துவிடுவோம். ஒரு குழந்தைக்கு எதற்கு இரண்டு கிட்டார்? ஒன்றே போதும். சிறுவர் கிட்டார் அதிகக் கனம் இல்லாதது. பஞ்சு வைத்த உறையில் போட்டு முதுகில் மாட்டிவிட்டால் அவளே எங்கும் எடுத்துப் போவாள். அதோடு அவள் வளர்கிற பெண். கதவு நிலையில் கடைசியாகப் போட்ட கோடு 124 சென்டிமீட்டர். நேற்று மறுபடியும் அளந்து பார்த்தேன். இந்த உயரத்துக்கு அரை அளவுக் கிட்டார் சரியாக இருக்கும். இரண்டு வருடத்தில் முக்கால் அளவுக்கு மாற வேண்டிவரும், பதினொன்று பன்னிரண்டு வயதில் முழு அளவுக்கு. ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் இரண்டும் ஒன்றாகவே அவளுக்குச் சிறிதாகிப் போகும். கையில் பணம் இருந்தால் இப்போது ஒன்று, வளர்ந்த பிறகு ஒன்று என்று வாங்கு.

அரை அளவு என்றதும் நீளத்தில் பாதி என்று நினைத்துவிடாதே. முழு அளவு கிளாசிக்கல் கிட்டாரில் கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் நட்டு என்ற சின்னக் கட்டையிலிருந்து, உடல் பகுதியில் தந்தியைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை வரை தந்தி ஓடும் நீளம் 650 மில்லிமீட்டர். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் செய்த கிட்டார்களிலிருந்து நிலைபெற்ற அளவு அது, பெரியவர்கள் கைக்கானது. முக்கால் அளவில் அது சுமார் 580, அரை அளவில் சுமார் 530. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். அதனால் உறையில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதே, அளவு நாடாவைக் கையோடு எடுத்துப் போ. அளந்த பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்து மடியில் கிட்டாரைக் கொடு. வலது கை உடல் பகுதியைத் தாண்டி வரும்போது தோள் மேலே எழும்பினால் அது பெரியது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட். இடது கை முதல் ஃபிரெட்டை எட்டும்போது முழங்கை கொஞ்சமாவது மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நீண்டால், அதுவும் பெரியது. வளர்ந்துவிடுவாள் என்று சொல்லிப் பெரியதாக வாங்காதே. சட்டைக்கு அது சரி. கைக்குச் சரியில்லை.

நைலான் தந்தி உள்ளதையே வாங்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எஃகுத் தந்தியில் லிட்டில் மார்ட்டின், பேபி டெய்லர் என்று உண்மையிலேயே நல்ல சின்னக் கிட்டார்கள் இருக்கின்றன; ஆனால் அவற்றின் தந்தி நீளம் முக்கால் அளவுக்குப் பக்கத்தில் வருகிறது, இந்த வயது விரலுக்கு அந்த எஃகும் அறுக்கும். எலக்ட்ரிக் கிட்டாரை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதன் தந்திகள் மெல்லியவை, தாழ்வாக ஓடுபவை, அழுத்துவது சுலபம். குட்டி கேட்டு மயங்கிய சத்தம் அதுவாக இருந்தால் சிறுவர் அளவில் அதையே வாங்கிக் கொடு. அவள் எந்தச் சத்தத்தைக் கேட்டு ஆசைப்பட்டாள் என்று கேட்டாயா? கேள். உன்னிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன். ஓரளவு விலை வரைக்கும் நீ கொடுக்கும் பணம் நல்ல முகப்புப் பலகையாக, நேராக வெட்டிய ஃபிரெட்டாக, நழுவாத முறுக்காணியாகக் கைக்கு வரும். அதற்கு மேல் கொடுப்பது அரிய மரத்துக்கும் முத்துச்சிப்பி வேலைப்பாட்டுக்கும் போகும். குழந்தைக்கு அதனால் ஒரு சுரம்கூட அதிகம் கிடைக்காது. ஒட்டுப்பலகை மலிவு என்று யாராவது சொன்னால் தயங்காதே; முழு மரப் பலகையின் ஒலி நன்றாக இருக்கும்தான், ஆனால் காற்று வறண்டால் வெடிக்கும், குழந்தை வைத்த இடத்தில் அது கிடக்கும். மிச்சப் பணத்தில் நல்ல ஆசிரியர், அவ்வப்போது புதுத் தந்தி, கண்ணில் படும்படி நிறுத்திவைக்க ஒரு தாங்கி. பெட்டிக்குள் போன கிட்டாரை எந்தக் குழந்தையும் தேடி எடுக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செட்டப். எத்தனை விலை கொடுத்தாலும் வாங்கியதும் விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் தந்தியின் உயரத்தைச் சரிசெய்யச் சொல். முழு அளவு நைலான் கிட்டாரில் 12-ஆவது ஃபிரெட்டின் மேல் தடித்த தந்தி சுமார் 4 மில்லிமீட்டர், மெல்லிய தந்தி சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பது வழக்கம். அவளுக்கு அதைவிடத் தாழ்வாக, தந்தி ஃபிரெட்டில் மோதி அதிராத அளவுக்கு இறக்கச் சொல். கழுத்தின் ஓரத்தில் உன் விரலை ஓட்டிப் பார். ஃபிரெட் முனை எங்காவது கீறினால் அதை அரம் போட்டுத் தேய்த்துத் தர வேண்டும். 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டு, பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டு. இரண்டும் ஒரே சுரமாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் அபசுரம்தான் வரும். குழந்தை தன் காதைத்தான் குறை சொல்லிக்கொள்ளும்.

நீ எதையும் ஆராயாமல் வாங்குகிறவள் இல்லை. முதல் சம்பளத்தில் நீ வாங்கித் தந்த கைக்கடிகாரம் இன்றும் ஒரு நிமிடம் தப்பவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். ஆனால் எல்லாவற்றையும் தனியாகவே முடிவெடுத்துவிடுகிறாய். அந்த வேலையை விட்டதும் அப்படித்தான், எங்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. கிட்டாரைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறாயே, அதுவே பெரிது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சொல்ல வசதிப்பட்டால் சொல்.

உன் கிட்டாரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். மேலே எழுதியதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை.

உனக்குப் பத்து வயது. வாங்கும்போது அதில் நைலான் தந்திதான் இருந்தது. ஒன்று அறுந்தது. எஃகு என்றால் அறுகாது, சத்தமும் கூடும் என்று நினைத்து ஆறையும் எஃகாக நானே மாட்டினேன். நீ பள்ளிக்குப் போயிருந்தாய். கிளாசிக்கல் கிட்டார் மெல்லிய இழுப்புக்காகச் செய்யப்படுவது. நைலான் வந்தது 1940-களில். அதற்கு முன் விலங்குக் குடலில் திரித்த நரம்பு. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. எஃகில் அது 70 கிலோவைத் தாண்டும். இது எதுவும் அன்று எனக்குத் தெரியாது. கழுத்து வளைந்தது, தந்தி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. விரல் நுனியில் கோடுகோடாக இரத்தம் கட்டிக்கொண்டு வந்து காட்டினாய். காய்ப்பு விழுந்தால் சரியாகிவிடும், உனக்கு விடாமுயற்சி இல்லை என்றேன். அதைப் பலமுறை சொன்னேன். விருந்தாளிகள் முன்னால்கூடச் சொன்னேன். பிறகு ஒரு மாலை பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு தெறித்தது. நீ முறுக்கிய முறுக்கில்தான் போனது என்றேன்.

மறுநாள் காலை உண்டியலை உடைத்து, ஒட்டிக்கொண்டு வாருங்கள் என்று காசை என் மேசையில் வைத்தாய். நான் அதை எடுத்துக்கொண்டேன், கண்ணம்மா. கிட்டாரை ஒட்டவில்லை. அந்தக் காசு என்ன ஆனது என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன், நினைவுக்கு வரவில்லை.

ஓய்வு பெற்ற வருடம் பரணிலிருந்து அதை இறக்கி, பழுது பார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். கையில் வாங்கியதும் அவர், இதில் எஃகுத் தந்தி மாட்டியது யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த வயதிலும் தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் சொல்லித்தான் இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நானும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். நீ வரும்போதெல்லாம் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அம்மாவுக்குத் தெரியும். உன்னிடம் சொல்லச் சொல்லிப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிட்டார் கெட்டது என் கையால். உன் விரல்மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஏதாவது முறிந்துபோனால் நீதான் அதிகமாக முறுக்கிவிட்டாய் என்று உனக்குள் நினைத்துக்கொள்வாயோ என்று இந்த மூன்று மாதமாகத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வேண்டும் என்றால் இரண்டே வாங்கு. ஒன்று போதும் என்று மேலே எழுதியதை அடிக்கவில்லை. அது உன் செய்தியைப் படித்த அன்று எழுதியது. இரண்டு வாங்குவதென்றால் ஒரே மாடலில், ஒரே தந்தி நீளத்தில் வாங்கு. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்து 12-ஆவது ஃபிரெட்டில் உயரத்தை ஒன்றுபோல் வைக்கச் சொல். தந்தியும் ஒரே ரகம். ஒன்றில் மாற்றும் நாளிலேயே மற்றதிலும் மாற்றிவிட வேண்டும், புதுத் தந்தியின் ஒலி வேறு, பழையதன் ஒலி வேறு. தாங்கியும் இரண்டு இடத்திலும் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தால் இது எந்த வீட்டுக் கிட்டார் என்று குழந்தையின் கைக்குத் தெரியக்கூடாது.

முக்கால் அளவுக்கு மாறும்போது அந்தச் செலவு என்னுடையது. அப்போதும் இரண்டென்றால் இரண்டுக்கும் நானே தருகிறேன். அளவு நாடாவை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா