பதினெட்டு வலைப்பூக்களை அழித்துவிட்டுக் குப்பை என்கிறீர்கள்

முகாமையாளர் அவர்களுக்கு,
மட்டக்களப்புக் கிளை.

பொருள்: சேர்வர் மாற்றத்தின் பின் எங்கள் வலைப்பூக்கள் அழிந்தமை

ஐயா,

வணக்கம். எங்கள் வலைத்தளங்களைச் சேர்வரில் வைத்து நடத்தும் உங்கள் நிறுவனத்துக்கு இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கும் முறைப்பாடு போடும் உங்கள் ரிக்கட் பெட்டிக்குள் போயின. நான்குக்கும் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. தீரவில்லை. ஆகவே இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

எங்கள் கணக்கைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வலைத்தளம் நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் ஒரே நிறுவலில் ஒரு முதன்மைத் தளமும் 18 வலைப்பூக்களும். ஒரு நிறுவலில் பல தளங்களை நடத்தும் மல்டிசைட் முறை. என்னிடம் படித்த பிள்ளைகள் எழுதியவை, கூத்துப் பழக்கிய ஒரு அண்ணாவியாரின் வடமோடிக் கூத்துப் பாட்டுகள், மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாப் படங்கள் என்று எல்லாம் அதில்தான். கணக்குத் திறந்த அன்றே இதைச் சொன்னேன். "பிரச்சினையே இல்லை ரீச்சர்" என்றது உங்கள் ஆட்கள்தான்.

போன மாதம் சேர்வர் மாற்றினீர்கள். மறுநாள் முதன்மைத் தளம் மட்டும் திறந்தது. அப்போது குறை சின்னதுதான். ஒவ்வொரு வலைப்பூவுக்கும் தனித் துணை டொமைன், அதாவது தனி முகவரி, இருப்பதால் முகவரிகளைச் சேர்வருக்குக் காட்டும் டிஎன்எஸ்ஸில் எல்லாத் துணை டொமைனையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்ட ஒரு வரி வேண்டும், பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழும் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் வைல்ட்கார்ட் சான்றிதழாக இருக்க வேண்டும். பழைய சேர்வரில் இருந்த இரண்டையும் புதியதில் விட்டுவிட்டீர்கள். கட்டாரில் இருக்கும் என் பழைய மாணவன் இதை வட்ஸ்அப்பில் சொன்னான். நான் அப்படியே எழுதி அனுப்பினேன். யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

பிறகு நேரில் வரச் சொன்னீர்கள். சரி, வந்தேன். மண்டூரிலிருந்து வருவதென்றால் விடிய எழும்பி, துறையில் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்று, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, கல்முனை வீதிக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். கல்லடி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். எனக்கு வயது 63, முழங்கால் வருத்தம். உங்கள் கதிரையில் ஒன்றரை மணித்தியாலம் இருந்த பிறகு ஒரு தம்பி வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, இதெல்லாம் உங்களுக்கு விளங்காது. 18 சைட் என்றால் 18 பேக்கேஜ் வாங்க வேணும். மகன் யாரும் இருந்தா வரச் சொல்லுங்க."

எனக்கு மகன் இல்லை. இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். மல்டிசைட் என்று சொன்னதற்கு "அப்படி ஒன்று இல்லை" என்றார். 2010 ஜூனில் வேர்ட்பிரஸ் 3.0 வந்தபோதே, அதுவரை எம்யூ என்ற பெயரில் தனியாக இருந்த மென்பொருளை உள்ளே சேர்த்துவிட்டார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதித்தான் அதைத் திறப்பது. காசு கொடுத்து வாங்கும் சாமானும் இல்லை, திறந்த மூலம், இலவசம். ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சருக்குத் தெரிந்தது, வாசலில் வேர்ட்பிரஸ் என்று பலகை போட்டவர்களுக்குத் தெரியவில்லையா?

அன்று திரும்பி வரும்போது பாதையும் போய்விட்டது. களுவாஞ்சிக்குடியில் தங்கச்சி வீட்டில் படுத்தேன்.

இதெல்லாம் பரவாயில்லை என்றாக்கியது வியாழக்கிழமை வந்த தொலைபேசி அழைப்பு. "டேட்டாபேஸில் ஒரே மாதிரிப் பழைய குப்பை நிறையக் கிடந்தது, துப்பரவு செய்துவிட்டோம், இனி வேகமாக ஓடும்" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். எது ஐயா குப்பை? மல்டிசைட்டில் ஒவ்வொரு வலைப்பூவின் பதிவுகளுக்கும் தனி டேபிள்கள் உண்டு. பெயரில் 2, 3, 4 என்று எண் சேர்ந்திருக்கும். பயனர் பட்டியல் மட்டுந்தான் எல்லாருக்கும் பொது. எண் போட்டதையெல்லாம் பிரதி என்று நினைத்து அழித்துவிட்டீர்கள். இப்போது பிள்ளைகளின் பெயரும் கடவுச்சொல்லும் பத்திரமாக இருக்கின்றன, அவர்கள் எழுதியதில் ஒரு எழுத்தும் இல்லை. இடாப்பை வைத்துக்கொண்டு வகுப்பையே தொலைத்த மாதிரி. படங்கள் கோப்புறையில் கிடக்கின்றன. எது எந்த வருடத்துத் திருவிழா என்று யார் சொல்வது?

அண்ணாவியார் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு தமிழுக்கு இப்படியொரு இழப்பு வரவில்லை என்றே சொல்வேன். கூட்டிச் சொல்வதாகத் தங்கச்சி சொல்கிறாள். சொல்லட்டும், பாட்டுகளைத் தட்டச்சு செய்தது அவளில்லை.

தினமும் பேக்கப் எடுப்பதாக உங்கள் பேக்கேஜ் விபரத்தில் எழுதியிருக்கிறீர்கள். சேர்வர் மாற்றத்துக்கு முந்திய நாளின் டேட்டாபேஸ் பேக்கப்பைத் தயவுசெய்து முழுதாகத் தாருங்கள். அந்த நட்சத்திர வரியையும் சான்றிதழையும் போடுங்கள். மிச்சத்தை மாணவன் பார்ப்பான். 14 நாள் பொறுப்பேன். அதற்குள் வராவிட்டால் ரசீதுகளோடு நுகர்வோர் விவகார அதிகாரசபைக்குப் போவேன். அவர்களின் 1977 இலக்கத்துக்கு அழைக்கவும் எனக்குத் தெரியும், அதற்கும் மகன் தேவையில்லை. அந்தத் தம்பியின் வேலை போக வேண்டும் என்பது என் எண்ணமில்லை, ஒரு மன்னிப்பு எழுதச் சொல்லுங்கள்.

இனி என்னை நேரில் வரச் சொல்ல வேண்டாம். பேச வேண்டுமென்றால் நீங்கள் பாதையேறி மண்டூருக்கு வாருங்கள். தேத்தண்ணி தருவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மண்டூர்.