மீட்டர் எண்ணைக் குறித்துவை, பிள்ளை

ஹரோ, லண்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

மத்தியானம் நீ எடுத்தபோது கோயிலில் அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. பாத்திரச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "அம்மா, எங்களுடைய கரண்ட் கம்பெனி மூடிவிட்டதாம், நாளைக்கு வீட்டில் வெளிச்சம் இருக்குமா?" என்று நீ கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். ஆகவே வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இருக்கும், பிள்ளை. நாளைக்கும் இருக்கும், அடுத்த கிழமையும் இருக்கும். லீட்ஸில் உன் வீட்டுக்கு வரும் கம்பியையும் காஸ் குழாயையும் பராமரிப்பவர்கள் வேறு ஆட்கள். உனக்கு பில் அனுப்பியவர்கள் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்ற கடைக்காரர்கள். கடையைத்தான் பூட்டியிருக்கிறார்கள். கம்பியில் ஓடுவதை அவர்களால் நிறுத்த முடியாது.

2021ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இது எனக்குத் தெரியாது. நீ அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தாய், உன்னைப் பதறவைக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் கம்பெனி விழுந்துவிட்டது என்று இரவு ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. தனி வீடு. எனக்கு உடனே ஞாபகம் வந்தது யாழ்ப்பாணம்தான். 1990க்குப் பிறகு அங்கே நாங்கள் வருடக்கணக்காகக் கரண்டே காணவில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது என்பதால் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுத் திரி போட்டு எரிப்போம். அந்த வெளிச்சத்தில்தான் நான் ஏ.எல். (உயர்தர) பரீட்சைக்குப் படித்தேன். வெளிச்சம் போகிறது என்றால் என் உடம்புக்கு அதன் பொருள் வேறு. ஓடிப்போய் மெழுகுதிரி வாங்கினேன், பிளாஸ்க் எல்லாவற்றிலும் சுடுதண்ணீர் நிரப்பினேன், வங்கிக்குள் போய், மாதாமாதம் கம்பெனிக்குத் தானாகக் காசு போகும் டைரக்ட் டெபிட்டை நிறுத்தினேன். செய்ய வேண்டிய ஒரே காரியத்தை மட்டும் செய்யவில்லை: மீட்டரைப் பார்க்கவில்லை.

நீ இன்றிரவே அதைச் செய். இரண்டு மீட்டரையும் படம் எடு, மின்சாரத்துக்கு ஒன்று, காஸுக்கு ஒன்று. எண்ணும் மீட்டரின் வரிசை இலக்கமும் சேர்ந்து தெரிய வேண்டும். பழைய மீட்டராக இருந்தால் சிவப்பில் வரும் எண்களை விட்டுவிடு. ஸ்மார்ட் மீட்டர்தானே, தானாகப் போகும் என்று இருந்துவிடாதே. கம்பெனி மாறும் நாட்களில் அது கணக்கு அனுப்பாமல் போவதுண்டு.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு நட்டம் வந்தது அந்த இடத்தில்தான். பழைய கம்பெனியின் கணக்கை முடிக்க என் எண் இல்லாததால் அவர்களாகவே ஒரு மதிப்பீட்டைப் போட்டார்கள். உண்மையில் ஓடியிருந்ததைவிட அது குறைவு. மலிவான பழைய விலையில் நான் எரித்த யூனிட்டுகள் புதிய கம்பெனியின் கூடிய விலையில் பில்லுக்கு வந்தன. மறுத்துக் கேட்க என்னிடம் ஒரு படம் இல்லை, ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. அப்பா இருக்கும் வரை ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி குசினியில் தொங்கும் கோயில் கலண்டரில் இரண்டு எண்ணையும் பென்சிலால் எழுதிவைப்பார். நான் அதைத் தொடரவில்லை.

படம் எடுத்த பிறகு, பழைய கம்பெனியின் இணையக் கணக்குக்குள் போய் பில் எல்லாவற்றையும் இறக்கிக்கொள். கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் பக்கத்தையும் சேமித்துக்கொள். அந்தத் தளம் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பார். நீங்கள் மூன்று பேர் இருக்கும் வீடு. மிச்சக் காசு திரும்புவது கணக்கில் பெயர் உள்ளவருக்குத்தான், மற்ற இருவரின் பங்கையும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு பொறுத்திரு. இதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மின்சார, காஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு வேறொரு கம்பெனியைத் தெரிவுசெய்து உங்களை அங்கே மாற்றிவிடும். சப்ளையர் ஒஃப் லாஸ்ட் ரிசோர்ட் என்று சொல்வார்கள். கைவிடப்பட்ட வாடிக்கையாளர்களை ஏற்றுக்கொள்ளும் கம்பெனி என்று வைத்துக்கொள். வழக்கமாகச் சில நாட்களிலேயே பெயரை அறிவித்துவிடுவார்கள். 2025 ஏப்ரலில் ரெபெல் எனர்ஜி என்ற கம்பெனி விழுந்தபோது சுமார் 80,000 வீடுகள் பிரிட்டிஷ் காஸ் கம்பெனிக்குப் போயின, ஒரு வீட்டிலும் அதனால் வெளிச்சம் போகவில்லை. பெயர் அறிவிக்கும் முன்பே நீயாக வேறு கம்பெனிக்கு ஓடாதே. உன் மிச்சக் காசைப் பெறுவது அதனால் சிக்கலாகலாம். டைரக்ட் டெபிட்டையும் அவசரப்பட்டு நிறுத்தாதே. புதிய கணக்கு திறந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு பழையதை நிறுத்தினால் போதும். மாறும் திகதி தெரிந்ததும் அன்றைக்கும் ஒருமுறை மீட்டரைப் படம் எடு.

காசு போய்விடுமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் உன் குரலில் அது இருந்தது. நம்முடைய ஆட்கள் சீட்டுக் கட்டி ஏமாந்த கதைகளை நீ சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவள். சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் கட்டிய காசு போனது போனதுதான். இது அப்படிப்பட்டது அல்ல. வீட்டு வாடிக்கையாளரின் மிச்சப் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு, அது புதிய கம்பெனியில் உன் கணக்குக்கு வந்து சேரும். ஆனால் சுணங்கும். என்னுடைய 180 பவுண் ஐப்பசியில் போய்ப் பங்குனியில்தான் வந்தது. அந்தக் குளிர் முழுவதும் ஹீற்றரைப் போட யோசித்து யோசித்து இருந்தேன். நீ அப்படி இராதே. வீட்டைச் சூடாக வை, காசு தேவையென்றால் என்னிடம் கேள்.

மாறாக, நீங்கள் கடன்பட்டிருந்தால் அது கம்பெனியோடு சேர்ந்து மறைந்துவிடாது. கலைப்பைக் கவனிக்கும் நிர்வாகிகளோ புதிய கம்பெனியோ கடிதம் போடுவார்கள். ஆனால் 12 மாதத்துக்கு முன்பு எரித்ததற்கு, உங்கள் பிழை இல்லாதபோது, இப்போது புதிதாக பில் போட முடியாது.

விலையும் மாறும். நீங்கள் நிலையான விலையில் ஒப்பந்தம் போட்டிருந்தால் அது பழைய கம்பெனியோடு முடிந்தது. புதியவர்கள் போடும் விலை ஒஃப்ஜெம் வைக்கும் விலை உச்சவரம்புக்கு மேல் போகாது என்பது மட்டுமே ஆறுதல். அது கூடுதலாகத் தெரிந்தால், மாறிய பிறகு வேறு கம்பெனி பார்க்கலாம், வெளியேறும் கட்டணம் கிடையாது. அந்த முறை எனக்கு வலித்தது இந்த விலை ஏற்றம்தான். 2021 அக்டோபரில் ஒரு சாதாரண வீட்டுக்கு வருடத்துக்கு 1,277 பவுணாக இருந்த உச்சவரம்பு அடுத்த ஏப்ரலில் 1,971 ஆனது.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஏறக்குறைய 30 கம்பெனிகள் விழுந்தன. காஸ் விலை உலகம் முழுவதும் ஏறியது உண்மை. ஆனால் விற்ற விலைக்குத் தேவையானதை முன்கூட்டியே வாங்கிவைக்காமல், நாம் கோடையில் கூடுதலாகக் கட்டும் மாதக் காசையே கைமுதலாக வைத்து வியாபாரம் செய்தவர்களும் அதில் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு உரிமம் கொடுத்து வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? நட்டத்தை எல்லா வீடுகளின் பில்லிலும் ஏற்றினார்கள். நாட்டின் கணக்காய்வு அலுவலகம் 2022இல் போட்ட கணக்குப்படி 270 கோடி பவுண், ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரியாக 94 பவுண். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாளும் கம்பெனி மாறியதே இல்லை, ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். அவரும் கட்டினார். இதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன்.

அந்த அக்காவைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உன் கூட்டாளியின் தாயார் வீட்டில் முன்பணம் போடும் மீட்டர் என்று சொன்னாய் அல்லவா? அவர்களும் இதே கம்பெனி என்றால், வழக்கம்போல் கடையில் காசு போட்டுக்கொண்டே இருக்கச் சொல். புதிய சாவியோ அட்டையோ தபாலில் வரும், வந்ததும் அதையே பாவிக்க வேண்டும்.

இந்த நாட்களில் "உங்கள் புதிய கம்பெனி நாங்கள்தான்" என்று யாராவது தொலைபேசியில் அழைத்து வங்கி விபரம் கேட்டால் வைத்துவிடு. ஒஃப்ஜெம் யாரை அறிவித்திருக்கிறது என்று நீயே போய்ப் பார், அவர்களின் எண்ணைத் தேடி எடுத்து நீயே அழை. புதியவர்கள் கணக்கில் பிழை விட்டால் எழுத்தில் முறையிடு. 8 கிழமைக்குள் தீராவிட்டால், முறைப்பாடுகளை விசாரிக்கும் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. இடையில் குழம்பினால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் கேள். நான் தயங்கித் தயங்கி அவர்களை அழைத்த அன்றைக்கு ஒரு பெண் அரை மணி நேரம் பொறுமையாக என்னோடு கதைத்தாள். அந்தக் குளிரில் எனக்கு நித்திரை வந்த முதல் இரவு அது.

அப்பாவின் பழைய கலண்டர்களை நான் எறியவில்லை. இப்போது நானும் முதலாம் திகதி எழுதுகிறேன். அவர் போட்ட பென்சிலே இன்னும் கயிற்றில் தொங்குகிறது. உன் மீட்டர் படங்களை எனக்கும் அனுப்பு, இந்த மாதத் தாளில் எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் உன்னுடையதையும் எழுதிவைக்கிறேன். மீட்டரைப் பார்க்க மாடிப்படிக்கு அடியில் குனிந்து போகும்போது தலையைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா