முறிகண்டியிலிருந்து மகளுக்கு

முறிகண்டி
ஆவணி, 2025

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம். உன் சுகத்தையும் பேத்தியின் சுகத்தையும் அறிய ஆவல். சிறுபோக நெல் வெட்டியாகிவிட்டது. குளத்துத் தண்ணீர் கடைசி வரை வந்தது, விளைச்சல் பரவாயில்லை. யானை ஒருநாள் வந்து வேலியை முறித்துவிட்டுப் போனது. சிவப்பி கன்று போட்டிருக்கிறாள். வேறு புதினம் இல்லை.

இதைப் பெரியக்காவின் மருமகளிடம் கொடுத்துவிடுகிறேன். அங்கே சுவிசில், பேர்ண் கோயிலில் உன்னைக் கண்டு தருவாள். உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டு விலாசத்துக்குப் போட மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, கோயிலுக்குப் போக லொசான் ஸ்டேஷனில் நின்று போன் எடுத்தீர்களே. பேத்தி போனைத் தூக்கி அந்த மணிக்கூட்டைக் காட்டினாள். சிவப்பு முள் சுற்றி வந்து உச்சியில் கொஞ்சம் நிற்கிறது, பெரிய முள் ஒரு நிமிடம் துள்ளுகிறது, அதற்குப் பிறகுதான் சிவப்பு முள் திரும்ப ஓடத் தொடங்குகிறது. "பாருங்கோ அம்மப்பா, அது காத்துக்கொண்டு நிக்குது" என்றாள். நாங்கள் இரண்டு பேருமாக நாலு சுற்று எண்ணினோம். பிறகு ரயிலில் ஏறி இருந்துகொண்டு, "அம்மப்பா, நாங்கள் கனடாவுக்குப் போகப் போறம், அம்மா சோதினைக்குப் படிக்கிறா" என்றாள். உடனே நீ போனை வாங்கினாய். குகை வருகுது அப்பா, லைன் போயிடும் என்றாய். போய்விட்டது. இன்றைக்கு மூன்று கிழமை. அம்மாவுக்கு மட்டும் "சுகம்" என்று ஒரு சொல் எழுதி அனுப்புகிறாய்.

நான் கோபிக்கவில்லை. ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயால் கேட்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வருடம் இருந்த நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போவதை அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரொறன்ரோவில் சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

சரி. போவதென்று முடிவெடுத்தால் ஒன்றைக் கவனி. கனடா அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை சுவிஸ் வதிவிட அட்டையைக் கொடுத்துவிடாதே. பெரியக்காவின் மூத்தவனிடம் விபரமாகக் கேட்டேன். உன்னிடம் இருக்கும் சி அட்டை, அந்த நிரந்தர அட்டை, நாட்டை விட்டுப் போய் ஆறு மாதம் கடந்தால் தன்பாட்டில் செத்துவிடுமாம். அந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கேட்டால் நாலு வருடம் வரைக்கும் வைத்திருக்க விடுவார்களாம். ஆகவே போகுமுன்பே எழுதிக் கேள். பிரெஞ்சுச் சோதினைக்குத்தானே படிக்கிறாய், அது நல்லது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குக் கனடா புள்ளி கூடக் கொடுக்கிறது. ஆனால் சோதினை முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், மற்றக் கடதாசிகள் சேருமுன் அவசரப்பட்டு எழுதி வீணாக்காதே. பிரெஞ்சு பேசுகிறார்கள் என்று மொன்றியலை நினைத்தால், கியூபெக் மாகாணம் தன் ஆட்களைத் தானே தெரிவுசெய்யும், அதற்கு வேறு வழி. சித்தப்பா வீட்டுக்கும் மொன்றியலுக்கும் 500 கிலோமீற்றருக்கு மேல். ரயிலில் ஐந்து மணித்தியாலம் போகுமாம். லொசானில் நிற்கிற மாதிரி அரை மணிக்கொரு ரயில் அங்கே நிற்காது என்று சித்தப்பா சொல்கிறார். கார் ஓடப் பழகு. அட்டையை மட்டும் கொடுத்துவிடாதே.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு தாய் மட்டும் போவதென்றால் தகப்பனின் கையெழுத்தும் கேட்பார்களாம். நீங்கள் எல்லோரும் ஒன்றாகப் போவதென்றால் அந்தக் கதை தேவையில்லை. பெரியக்காவின் மூத்தவன் இன்னொன்றும் சொன்னான். கலியாணம் கட்டி சுவிசுக்குப் போனவர்கள் மூன்று வருடமாவது சேர்ந்து வாழ்ந்து, பாஷை படித்து, உழைத்து ஒழுங்காக இருந்திருந்தால், பிறகு தனியே போனாலும் அட்டையைப் பறிக்க மாட்டார்களாம். அது பி என்ற தற்காலிக அட்டைக்காரருக்கு, உனக்குத் தேவையில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன். யாருக்காகக் கேட்கிறீர்கள் மாமா என்றான். ஊரில் ஒருவருக்கு என்று சொன்னேன்.

நீ அனுப்பிய ரயில் படங்களை எல்லாம் வைத்திருக்கிறேன். முந்தி நாலு பேர் இருக்கும் இடத்தில் மூன்று பேர் இருப்பீர்கள். இப்போது இரண்டு பேர். எதிர் ஆசனத்தில் உன் கறுப்புப் பை இருக்கிறது, அதன் மேல் பேத்தியின் குளிர்ச்சட்டை. போன தைப்பொங்கல் படத்திலும் பைதான். அம்மா இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றா. எழுதவில்லை. மருமகனையும் விசாரித்ததாகச் சொல்.

பிள்ளை, உன்னை நினைத்து எனக்குப் பெருமை இல்லை என்று நினைத்துவிடாதே. 1990 ஆனியில் யாழ்தேவி ரயில் இந்தப் பக்கம் ஓடுவது நின்றது, ஆவணியில் நீ பிறந்தாய். ரயிலைக் காணாமலே வளர்ந்தாய். உனக்குத் தெரிந்த தண்டவாளம் எங்கள் பங்கருக்கு மேலே கிடந்த இரண்டு துண்டு. நடுவில் சிலிப்பர் கட்டை, மேலே மண்மூட்டை. அதற்குக் கீழே இருந்துதான் ஆனா ஆவன்னா எழுதினாய். தண்டவாளத்தின் அடிப்பக்கத்தில் இருந்த ஆங்கில எழுத்துகளைத் தடவித் தடவிக் கேட்பாய். தம்பி உன் மடியில் நித்திரையாகிவிடுவான். அப்படிப் படித்த என் பிள்ளை இன்றைக்குப் பிரெஞ்சில் ரிக்கெட் எடுத்து, மேடை மாறி, ஜெனீவாவுக்கும் பேர்ணுக்கும் தனியே போய் வருகிறது என்று சந்திக் கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா.

2013 மாசியில் நீ போகும்போது ரயில் ஓமந்தை வரைதான். புரட்டாதியில் கிளிநொச்சிக்கு வந்துவிட்டது. ஏழு மாதம் பொறுத்திருந்தால் எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஏறிப் போயிருப்பாய். வான் வண்டியில்தான் போனாய். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏறினாய். அம்மா வந்தா, சித்தி வந்தா, நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வரவில்லை. காலபோகம் வெட்டு, இன்றைக்கு விட்டால் மெஷின்காரன் நாளைக்கு வரமாட்டான் என்று சொன்னேன். மெஷின் வருவதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நின்றுவிட்டேன். கலியாணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன் மாப்பிள்ளை பகுதியில் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. மதகில் சைக்கிளைச் சாத்திவிட்டு, "பெடியன் குடிப்பான், குடித்தால் கை நீளும், உங்களுக்கும் பொம்பிளைப் பிள்ளை, யோசியுங்கோ" என்றார். கலியாணம் முடிந்தால் திருந்திவிடுவான் என்று நானே அவருக்குச் சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. உனக்கும் சொல்லவில்லை. செட்டிகுளம் அகதி முகாமால் வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தோம், தம்பியின் கதை உனக்குத் தெரியும், மிஞ்சின ஒரு பிள்ளையாவது வெளியே போய்ச் சேர்ந்தால் போதும் என்பதே எனக்கு அன்றைக்குப் பெரிதாக இருந்தது. உனக்கு விருப்பமா என்றுகூட நான் கேட்கவில்லை. அம்மாவை விட்டுக் கேட்பித்தேன். நீ பதில் சொல்லாமல் கிணற்றடிக்குப் போனாய். அதைச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அது சம்மதம் இல்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும், பிள்ளை.

இப்போதும் மத்தியானம் யாழ்தேவி போகும்போது வேலிக்கரையில் போய் நிற்பேன். அந்தப் பெரியவரின் சைக்கிள்தான் ஞாபகத்துக்கு வரும்.

கனடாவோ, சுவிசோ, நீ யாரோடு போகிறாய், யாரை விட்டுப் போகிறாய் என்று நான் ஒரு நாளும் கேட்க மாட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று நினைக்காதே, ஊருக்கு நான் பதில் சொல்வேன். கையிருப்புக் காசும் காட்டச் சொல்வார்களாம். ரோட்டுக்கரைக் காணியை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், அது உன் பேருக்கு எழுதின காணிதான். அட்டையை மட்டும் கொடுத்துவிடாதே.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு அம்மா பிள்ளையாரிடம் போவா, திரும்ப ஆறரையாகும். உனக்கு அப்போது மத்தியானம் ஒன்றரை, சாப்பாட்டு நேரம். நான் தனியே இருப்பேன். எடு.

அன்புடன்,
அப்பா