இணையம் அறுந்தால் விளக்கு எரியக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டையில் 22 ஆண்டுகளாக வீட்டு வயரிங் வேலை பார்த்து வருகிறேன். புளியரை, ஆரியங்காவு என்று மலைக்கு இரண்டு பக்கமும் போய் வேலை செய்வேன். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெற்றோர் ஊரிலுமாக இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள்தான் போனில் இயங்கும் ஸ்மார்ட் சுவிட்சுகளை வாங்கி வந்து மாட்டச் சொல்கிறார்கள். பெற்றோர் மேல் உள்ள அக்கறையில் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புளியரையில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார். இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பின்கட்டு விளக்கின் சுவிட்ச் கொல்லை வாசலருகே இருந்ததால், கட்டிலில் இருந்தபடியே போனில் போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். சென்ற ஆடியில் கணவாய்க் காற்றில் தென்னை மட்டை விழுந்து இணையக் கேபிள் அறுந்தது. மின்சாரம் போகவில்லை. வைஃபை பெட்டியும் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியோடு. ஆச்சி போனை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். விளக்கு எரியவில்லை. "அண்ணாச்சி, அம்மா இருட்டில் இருக்கிறார்கள்" என்று சார்ஜாவிலிருந்து மகன் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் நின்றிருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

போனுக்கும் சுவிட்சுக்கும் இடையே பன்னிரண்டு அடி. இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனால் போனில் அழுத்தியது முதலில் எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போக வேண்டும். அங்கிருந்து உத்தரவு திரும்பி வந்தால்தான் அந்தச் சுவிட்ச் அசையும். நிறுவனமே அந்தக் கணினியை நிறுத்திவிட்டாலும் கதி இதுதான். அமெரிக்காவில் வீட்டு விளக்குகளைப் போனில் இயக்க உதவிய 'ரிவால்வ்' என்ற கருவி 2016-இல் அப்படித்தான் ஒரே நாளில் பயனற்றுப் போனது.

வேறு வழி இல்லாமல் இல்லை. நிறுவனத்தின் கணினி செய்யும் வேலையை வீட்டிலுள்ள ஒரு கணினியே செய்ய, 'ஹோம் அசிஸ்டென்ட்' என்ற இலவச மென்பொருள் 2013 முதல் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் என் மகனுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பரணில் கிடந்தது. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, இந்த மென்பொருளையும் போட்டு, ஆச்சி வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்து வைத்தேன். சுவிட்சையும் வீட்டுக்குள்ளேயே உத்தரவு வாங்கும் வகையாக மாற்றினேன். பிறகு ஆச்சியின் கண் முன்னாலேயே வெளியிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இப்போது அழுத்துங்கள்" என்றேன். விளக்கு எரிந்தது. அணைத்து, போட்டு, மறுபடி அணைத்துப் பார்த்த பிறகுதான் ஆச்சிக்கு நம்பிக்கை வந்தது.

எல்லா வீட்டிலும் நான் மடிக்கணினி வைக்க முடியாது. 2022-இல் வந்த 'மேட்டர்' என்ற பொதுத் தரத்தில் தயாரான சுவிட்சுகள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே உத்தரவு வாங்கிக்கொள்ளும். ஆனால் கடையில் இந்த வித்தியாசத்தைச் சொல்பவர் இல்லை. பெட்டியைப் பார்த்து எனக்கே பல நேரம் பிடிபடுவதில்லை. விலை, தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. அவற்றோடு 'இணையம் இல்லாமலும் இயங்கும்' அல்லது 'இயங்காது' என்ற ஒரு வரியையும், எத்தனை ஆண்டு வரை நிறுவனம் சேவை தரும் என்பதையும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட வைக்க வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் மாட்டிய பழைய வகைச் சுவிட்சுகள் இன்னும் மூன்று வீடுகளில் இருக்கின்றன, மூன்றிலும் வயதானவர்கள். ஆனிக் காற்று தொடங்குவதற்குள் கூலி வாங்காமல் அவற்றை மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
மின் கம்பியாளர் ஒருவர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.