முள்ளைத் தேடித் தந்த அண்ணனுக்கு நன்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள கென்னத் ஸ்டெய்ன்பேங்க் காப்புக்காட்டின் ஓடைக்கரைப் பாதையில், எங்கள் சைக்கிள் குழுவினர் ஒருவரின் பின்சக்கரம் காற்றிறங்கியபோது நின்று உதவிய அண்ணா, பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். மிக்க நன்றி.

புது டியூப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைக்கச் சொன்னீர்கள். துணி சிக்கிய இடத்தில் ஒடிந்த முள்நுனி! அதை எடுக்காவிட்டால் சற்று நேரத்திலேயே மறுபடி பஞ்சர்தான். விரலால் தடவினால் விரல் கிழியும்.

முள்மரங்கள் நிறைந்த சரளைப் பாதைக்கு டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர்தான் சரி என்றதையும் ஒப்புக்கொள்கிறோம். 40 மிமீ டயருக்குச் சுமார் 60 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம். வெயிலில் அது உலரும், ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உள்ளூசியைக் கழற்றி ஊற்ற வேண்டும். அந்த ஊசியில் சீலன்ட் காய்ந்து அடைத்தால் காற்று ஏறாது. பாவம், பழி பம்ப்பின் மேல் விழும். பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் நிற்காது. உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து டியூப் போடத்தான் வேண்டும். அப்போது சீலன்ட் அடைத்துவைத்த பழைய முட்களையும் பிடுங்க மறக்கக் கூடாது.

உங்கள் பேட்ச் டப்பாவை நாங்களே தீர்த்துவிட்டோம். புதியது ஒன்று பையில் இருக்கிறது, எங்களைப் பார்த்தால் நிறுத்துங்கள்.