பம்ப் விவரம் பற்றி, கொழும்பிலிருந்து

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம், வெக்கைதான் தாங்க முடியவில்லை.

சரி, நீ கேட்ட விஷயம். நீங்கள் செய்யும் பம்ப்களை முப்பரிமாணப் படமாக்கி எங்களைப் போன்ற கப்பல் கட்டும் தளங்களுக்குக் கொடுப்பதா, செலவு வீணாகுமா என்று முதலாளி யோசிக்கிறாராம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எங்களுக்குப் படத்தைவிட விவரம்தான் அவசரம்.

அண்மையில் இங்கே ஒரு பம்ப் வந்திறங்கியது. அதன் பிடிஎஃப்பில் "100 மி.மீ. ஃபிளேஞ்ச், 8 துளை" என்று மட்டும் இருந்தது. ஃபிளேஞ்ச் என்றால் குழாயை போல்ட் போட்டு இணைக்கும் வட்ட விளிம்பு. எங்கள் குழாயில் இருந்தது ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் 10கே. அதில் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 175 மி.மீ. பம்ப்பில் இருந்ததோ ஐரோப்பியத் தரமான பிஎன் 16, அதில் 180. துளைகளும் எட்டுத்தான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, போல்ட் மட்டும் ஏறாது. எஞ்சின் அறையின் அடித்தட்டில் ஆட்கள் குனிந்து படுத்துக் குழாயை வெட்டி மறுபடி வெல்ட் பண்ணினார்கள். தரத்தின் பெயர் ஒரு வரி வந்திருந்தால் வரைபடம் போடும்போதே பிடித்திருப்போம்.

கப்பலில் வடிவமைப்பும் கட்டுமானமும் ஒன்றாகவே ஓடும். உங்கள் விவரம் பிந்தினால் பொறியியலாளர் பம்ப் உட்காரும் பீடத்தை ஊகித்துத்தான் வரைவார். ஆகவே எடை, ஈர்ப்பு மையம், பீடத்து போல்ட் இடங்கள், ஃபிளேஞ்ச் தரம், மோட்டாரின் மின்தேவை, பழுதுபார்க்கக் கழற்றி எடுக்க வேண்டிய இடைவெளி, இத்தனையையும் பொருள் எண்ணோடும் திருத்த எண்ணோடும் கணினி நேரே வாசிக்கிற கோப்பாக அனுப்புங்கள். பிடிஎஃப் என்றால் இங்கே ஒருவர் உட்கார்ந்து கையால் தட்ட வேண்டும், பிழை அங்கேதான் நுழைகிறது.

வடிவத்துக்கு, முப்பரிமாணப் படத்தைப் பரிமாறும் பொதுவான கோப்பு வகையான ஸ்டெப் போதும். ஐஎஸ்ஓ 10303 என்று 1994இல் வந்த தரம், பெரும்பாலான மென்பொருள்கள் திறக்கும். வடிவமைப்பைத் திருடிவிடுவார்கள் என்ற முதலாளியின் பயம் நியாயம்தான். உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லரை யாரும் கேட்கவில்லை, வெளிக்கூடும் இணைப்புகளும் இருந்தால் சரி.

அப்புறம், பழைய கப்பல்களைப் பாதுகாப்பாக உடைப்பதற்கான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சர்வதேசப் பயணம் போகும் 500 மொத்தத் தொன்னும் அதற்கு மேலுமான புதிய கப்பல்களில் ஆபத்தான பொருட்களின் பட்டியல் இருக்க வேண்டும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டில், நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நார் இல்லை என்று பொருள் கொடுக்கிறவரே எழுதித் தர வேண்டும். உங்களுக்குக் கேஸ்கெட் விற்கிறவரிடம் இப்போதே கேட்டு வாங்கு. இதில் அலட்சியம் வேண்டாம் குமார். பல வருஷம் கழித்து அந்தக் கப்பலை இந்தியாவின் அலங் உடைப்புத் தளத்தில் உடைக்கிற பையனின் நுரையீரல் இந்தத் தாளை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் ஒரே ஒரு பம்ப்பின் கோப்பை அனுப்பு. எங்கள் மென்பொருளில் ஏற்றிப் பார்த்து, என்ன வந்தது, என்ன விடுபட்டது என்று எழுதுகிறேன். முதலாளியிடம் அதைக் காட்டு.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

சிவா