ஆண்டறிக்கை: மாதிரி விமானம் செய்வோர் மன்றம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் மாதந்தோறும் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆண்டு முழுவதும் நாம் பேசியதும் செய்ததும் ஒரே பொருளைப் பற்றித்தான்: இரண்டாம் உலகப் போர்க்காலச் சோவியத் விமானங்களின் வண்ணமும் நட்சத்திரமும். அதனால் அறிக்கையில் பெரும்பகுதி அதற்கே.

முதலில் நட்சத்திரம். கிட் பெட்டியில் (மாதிரி செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) வரும் டீக்காலில் (ஒட்டும் படத்தாள்) வெள்ளை விளிம்பு போட்ட சிவப்பு நட்சத்திரம் இருந்தால், எந்த ஆண்டு விமானமானாலும் அதையே ஒட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும். 1941-இல் பறந்தவற்றில் வெறும் சிவப்போ மெல்லிய கறுப்புக் கோடு போட்டதோதான் வழக்கம். ஜெர்மானியர் தாக்கத் தொடங்கியபின், மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் படக்கூடாதென்று இறக்கையின் மேற்புற நட்சத்திரம் பெரும்பாலும் போய்விட்டது. உடற்பகுதி, வால், இறக்கையின் அடிப்புறம் ஆகிய இடங்களில் மட்டும் நின்றது. வெள்ளை விளிம்பும் அதைச் சுற்றிய மெல்லிய சிவப்புக் கோடும் 1943 முதல்தான் பரவலாயின. ஒளிந்து பறந்த காலமும் துணிந்து பறந்த காலமும் இந்த விளிம்பிலேயே தெரிகின்றன என்பது என் எண்ணம்.

அப்புறம் வண்ணம். போரின் முதல் பாதியில் சண்டை விமானங்களுக்கு மேலே பச்சையும் கறுப்பும், கீழே வெளிர்நீலம்: சோவியத் பெயிண்ட் குறியீட்டில் முறையே ஏஎம்டி-4, ஏஎம்டி-6, ஏஎம்டி-7. 1943 ஜூலையில் புதிய ஆணை வந்து, மேற்புறத்துக்கு ஏஎம்டி-11, ஏஎம்டி-12 என இரு சாம்பல் நிறங்கள் ஆயின. ஆணை வந்த அன்றே எல்லா விமானமும் மாறிவிடவில்லை. அதே மாதம் தொடங்கிய குர்ஸ்க் சண்டையின் விமானங்களைச் செய்பவர்கள் பச்சை-கறுப்பையே எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: யாக் என்ற சோவியத் சண்டை விமானத்தின் இறக்கை மரம், எஞ்சினை மூடும் முன்மூடி உலோகம். இரண்டுக்கும் வேறு வேறு பெயிண்ட். ஒரே பச்சையென்றாலும் சாயலில் சற்று வேறுபடும். ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்ட் தெளிக்கும் கருவி) பிடிக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

பனிக்காலத்துக்கு எம்கே-7 என்ற வெள்ளைப் பூச்சு உண்டு. கழுவினால் போய்விடும். பரப்பு சொரசொரப்பாகி வேகமும் குறையும். இறக்கை உடலோடு சேரும், மெக்கானிக் மிதிக்கும் இடத்தில் அது முதலில் தேய்ந்து அடிப்பச்சை எட்டிப்பார்க்கும். நம் இளைய உறுப்பினர் ஒருவர் அதை ஈரப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த விதம் இவ்வாண்டின் சிறந்த வேலை என்று மனதாரச் சொல்கிறேன்.

ஐரகோப்ரா பற்றிய கூட்டம்தான் எனக்கு மிகப் பிடித்தது. அமெரிக்கா கொடுத்த இந்த விமானங்கள் அலாஸ்கா, சைபீரியா வழியாகவும் ஈரான் வழியாகவும் வந்தன. அமெரிக்க முத்திரையின் நீல வட்டத்தை மறைக்கப் பூசிய பச்சை, பழைய பச்சையோடு சேராமல் வட்டமாகவே தெரிவதைப் பழைய படங்களில் காணலாம். புகழ்பெற்ற சோவியத் சண்டை விமானி போக்ரிஷ்கினின் 100-ஆம் எண் ஐரகோப்ரா செய்பவர்கள் கவனிக்க.

விமானத்தின் மேல் எழுதிய வாசகங்களையும் விட்டுவிடக்கூடாது. சராத்தவ் பகுதித் தேனீ வளர்ப்பாளர் பெராபோன்ட் கொலோவாத்தி 1942-இல் ஒரு லட்சம் ரூபிள் கொடுத்து யாக்-1 வாங்கித் தந்தார். ‘ஸ்தகானவெத்ஸ்’ கூட்டுப்பண்ணைக் குடியானவர் கொலோவாத்தி தந்தது என்ற வாசகத்தோடு மேஜர் போரிஸ் யெரியோமின் அதை ஓட்டினார். அந்த வரியை டீக்கால் இல்லாமல் தூரிகையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ரஷ்ய எழுத்து தெரிந்தவர்கள் உதவுங்கள்.

வரும் ஆண்டுக்கு இல்-2 தாக்குதல் விமானத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பச்சை, பழுப்பு, அடர்சாம்பல் மூன்றும் சேரும் அதன் உருமறைப்புக்குப் பொறுமை வேண்டும். மாஸ்கிங் டேப்பும் மெல்லிய தூரிகைகளும் வாங்கச் சந்தாவிலிருந்து தொகை ஒதுக்கவும் அனுமதி வேண்டும்.

இவ்வறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்